அணைக்காமலே அணைவது

இருபத்தைந்து ஆண்டுகளில் மாறாதது புகாரின் வாசகம் ஒன்றுதான். 1999இல் திருநெல்வேலி ஜங்ஷனில் ஒரு கணினி சர்வீஸ் கடையில் எடுபிடியாகச் சேர்ந்தேன். கடைத் தொலைபேசியை எடுத்தால் அடிக்கடி காதில் விழுந்தது இது: "ஆன் ஆகுது தம்பி, ஆனா நிக்க மாட்டேங்கு." போன வைகாசியில் வாட்ஸ்அப்பில் ஒரு குரல்பதிவு வந்தது. அதிலும் அதே சொற்கள், அதே வரிசை. கூடவே ஒன்பது விநாடி வீடியோ: திரையில் ஒரு நீலப் பட்டை கால்வாசி தூரம் ஓடுகிறது, பிறகு பெட்டியின் விளக்கு, விசிறி, திரை எல்லாம் ஒரே நொடியில் இருண்டுவிடுகின்றன.

அனுப்பியவர் பாளையங்கோட்டையில் கல்யாணப் பத்திரிகை அச்சடித்துவந்த அக்கா. 2004இல் இதே புகாருக்காகக் கடை அண்ணாச்சியுடன் அந்த வீட்டுக்குப் போயிருக்கிறேன். முன்னறை அதே முன்னறைதான். அன்று அங்கே இருந்தது பேஜ்மேக்கர் ஓடிய ஒரு பெண்டியம் 4. இன்று அங்கே அவர் மகன் கல்யாண வீடியோ வெட்டி ஒட்டுகிறான். ஒரே வீட்டில், ஒரே மேசையில், இருபது ஆண்டு இடைவெளியில் ஒரே நோயைப் பார்க்கும் வாய்ப்பு எத்தனை மெக்கானிக்குக் கிடைக்கும் என்று தெரியவில்லை. அதனால்தான் எழுதி வைக்கத் தோன்றியது.

நான் தொழிலுக்கு வந்தபோது கடைக்கு வந்த பெட்டிகளில் பாதி பழைய ஏடி வகை. அதன் முன்பக்கச் சுவிட்ச், வீட்டுச் சுவரில் இருப்பதைப் போல நிஜச் சுவிட்ச். பெட்டிக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தடித்த கேபிள் ஒன்று முகப்பு வரை வரும். பழுப்பு, நீலம், வெள்ளை, கறுப்பு என்று நான்கு கம்பிகள், ஓடுவது 230 வோல்ட். அமுக்கினால் டக்கென்று உள்ளே போய் நிற்கும், மறுபடி அமுக்கினால்தான் வெளியே வரும். விண்டோஸ் 95இல் ஷட்டவுன் கொடுத்தால், இனி அணைத்துக்கொள்ளலாம் என்று ஆரஞ்சு எழுத்தில் ஒரு வரி வந்து அப்படியே காத்திருக்கும். அணைப்பது மனிதனின் வேலையாக இருந்த காலம். அந்தப் பெட்டி தானாக அணைந்தது என்றால் சந்தேகப்பட அதிக இடம் இல்லை. சுவரில் கரண்ட் இல்லாமல் இருக்க வேண்டும், சுவிட்ச் தேய்ந்திருக்க வேண்டும், அல்லது எஸ்எம்பிஎஸ் போயிருக்க வேண்டும்.

1995இல் இன்டெல் வகுத்த ஏடிஎக்ஸ் முறை இதை மாற்றியது. எங்கள் ஊருக்கு அது முழுதாக வந்து சேர மேலும் ஐந்தாறு வருடம் பிடித்தது. புதிய பெட்டியின் சுவிட்ச், காலிங்பெல் பொத்தான் போன்றது. அதில் 230 வோல்ட் கிடையாது, மெல்லிய இரண்டு கம்பிகள்தான். அமுக்கினால் மதர்போர்டுக்கு ஒரு தகவல் போகும். மதர்போர்டு பச்சைக் கம்பியைத் தரையோடு சேர்க்கும், அப்போது எஸ்எம்பிஎஸ் விழிக்கும். விழித்து, எல்லா வோல்டேஜும் சரியாக வந்த பிறகு, பத்தில் ஒரு விநாடியிலிருந்து அரை விநாடிக்குள் சாம்பல் கம்பி வழியாக 'எல்லாம் சரி' என்று பதில் சொல்லும். அந்தப் பதில் வந்தால்தான் மதர்போர்டு வேலையைத் தொடங்கும். ஊதாக் கம்பியில் மட்டும் 5 வோல்ட், பெட்டி அணைந்திருந்தாலும் சுவரில் கரண்ட் இருக்கும்வரை இருந்துகொண்டே இருக்கும்.

அன்றிலிருந்து அணைக்கும் உரிமை இயந்திரத்துக்கும் வந்துவிட்டது. சூடு கூடினால் பிராசஸர் அணைக்கச் சொல்லலாம், வோல்டேஜ் இறங்கினால் எஸ்எம்பிஎஸ் தானே அணைத்துக்கொள்ளலாம், பொத்தானை நான்கு விநாடி அமுக்கிப் பிடித்திருந்தால் மதர்போர்டு அணைக்கும். 'தானா அணையுது' என்ற ஒரே புகாருக்குப் பின்னால் நிற்கும் காரணங்கள் மூன்றிலிருந்து முப்பதாகப் பெருகியது அப்போதுதான்.

அந்த நான்கு விநாடிக் கணக்கு எனக்குப் புரிந்த நாள் இன்றும் நினைவில் இருக்கிறது. ஒரு பள்ளிக்கூடத்துப் பெட்டி. போட்டால் எரியும், மனதுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணி முடிப்பதற்குள் அணையும். நான் எஸ்எம்பிஎஸ் மாற்றிப் பார்த்தேன், ராமைக் கழற்றி அதன் பொன்னிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்துப் போட்டேன், பிராசஸரைக்கூடக் கழற்றி மாட்டினேன். அரை நாள் போனது. டீ குடித்துவிட்டு வந்த அண்ணாச்சி, பெட்டியை மூன்று முறை போட்டுப் பார்த்தார். மூன்று முறையும் கடிகாரம் வைத்தது போல் ஒரே நேரம். "சூட்டுல அணைஞ்சா நேரம் முன்னபின்ன இருக்கும்லா? இது கணக்கா அணையுது" என்றார். முன்பக்கப் பொத்தானின் இரண்டு கம்பிச் செருகலை மதர்போர்டிலிருந்து உருவினார். அந்த இரண்டு பின்களையும் ஸ்க்ரூடிரைவர் முனையால் ஒரு கணம் தொட்டுவிட்டு எடுத்தார். பெட்டி எரிந்தது, நின்றது, சாயங்காலம் வரை ஓடியது. வெயிலில் வளைந்த பிளாஸ்டிக் பொத்தான், அமுங்கியபின் திரும்பி வராமல் உள்ளேயே சிக்கியிருந்தது. பிளேடால் அதன் ஓரத்தைச் சீவிவிட்டோம், செலவு ஒன்றுமில்லை. பெட்டி எத்தனையோ தலைமுறை மாறிவிட்டபோதும் இந்தச் சோதனை இன்றும் அப்படியே செல்லும். இன்றும் என் முதல் சோதனை அதுதான்.

அண்ணாச்சி வால்வு ரேடியோவில் தொழில் கற்று, டிவிக்கு வந்து, அங்கிருந்து கணினிக்கு வந்தவர். அவரிடம் இருந்த கருவிகள் ஒரு மல்டிமீட்டர், ஒரு சால்டரிங் அயர்ன், டெஸ்டர், பெயின்ட் பிரஷ், ஒரு ஜெம் கிளிப், பைக் இண்டிகேட்டர் பல்ப் ஒன்று. மீதமெல்லாம் உடம்பில் இருந்தவை. எஸ்எம்பிஎஸ்ஸைக் கையில் வாங்கினால் முதலில் எடை பார்ப்பார். லேபிளில் 400 வாட் என்று போட்டிருக்கும், கை காலியாக இருப்பது போலத் தோன்றும். உள்ளே டிரான்ஸ்பார்மரும் ஹீட் சிங்க்கும் சிறுத்திருந்தால் எடை எங்கிருந்து வரும்? "இது இருநூறுகூடத் தாங்காது" என்று அந்த இடத்திலேயே ஒதுக்கிவிடுவார். பிறகு மூக்கு. வார்னிஷ் கருகிய வாடை என்றால் சுருள், கருவாட்டு வாடை என்றால் ஒழுகிய கெப்பாசிட்டர், எரிந்த மயிர் வாடை என்றால் விசிறித் துவாரத்தில் புகுந்த பல்லி. அதன் பிறகுதான் ஜெம் கிளிப். அதை வளைத்துப் பச்சைக் கம்பியையும் ஒரு கறுப்புக் கம்பியையும் இணைத்தால், மதர்போர்டு இல்லாமலே எஸ்எம்பிஎஸ் ஓடும். விசிறி சுற்றினால் போதும் என்று நாங்கள் திருப்தி அடைவோம், அவர் அடைய மாட்டார். 12 வோல்ட் மஞ்சள் கம்பியில் அந்த பைக் பல்பை மாட்டி, எரியும்போது மீட்டர் வைத்துப் பார்ப்பார். 11.4க்குக் கீழே போனால் கழிவு. சும்மா இருக்கும்போது 12 காட்டி, சுமை ஏறியதும் 10க்குச் சரியும் எஸ்எம்பிஎஸ்தான் கணினியை நிற்கவிடாமல் அடிப்பது என்று அவர் சொல்லித்தான் தெரியும்.

இன்று அந்த ஜெம் கிளிப் சோதனை ஆளை ஏமாற்றும். நல்ல எஸ்எம்பிஎஸ் பலவற்றில், சுமை குறைவாக இருக்கும்வரை விசிறி சுற்றுவதே இல்லை. சத்தமில்லாமல் இருக்கட்டும் என்று அப்படிச் செய்திருக்கிறார்கள். பழைய கண்ணோடு பார்ப்பவர், உயிரோடு இருக்கும் ஒன்றைச் செத்துவிட்டது என்று சொல்லிவிடுவார். கையில் எடை பார்ப்பதற்குப் பதிலாக இன்று 80 பிளஸ் முத்திரை இருக்கிறது. 2004இல் தொடங்கிய முறை அது. வாங்கும் மின்சாரத்தில் 80 சதவீதமாவது உள்ளே போய்ச் சேர வேண்டும் என்பது அடிப்படை, அதற்கு மேல் வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று படிகள். அந்த முத்திரை அண்ணாச்சியின் உள்ளங்கையைவிட நம்பகமானது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் உள்ளங்கை எல்லாருக்கும் இலவசமாக வாய்த்தது.

2004 வைகாசிக்கு வருகிறேன். முகூர்த்த மாதம். அக்காவின் பெட்டி ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை அணைந்தது. நாங்கள் போனபோது அவர் ஒரு பத்திரிகையை மூன்றாவது தடவையாக அடித்துக்கொண்டிருந்தார். பேஜ்மேக்கரில் சேமிக்காமல் அணைந்தால் போனது போனதுதான். மாப்பிள்ளை வீட்டார் பெயர் வரிசை, பெண் வீட்டார் பெயர் வரிசை, தாய்மாமன்மார், தாத்தா பாட்டிகள் என்று எல்லாவற்றையும் திரும்பவும் கையெழுத்துப் பிரதியிலிருந்து அடிக்க வேண்டும். ஒவ்வொரு வரி முடிந்ததும் கன்ட்ரோலும் எஸ்ஸும் சேர்த்துத் தட்டும் பழக்கம் அவருக்கு வந்தது அந்த மாதத்தில்தான்.

அண்ணாச்சி பெட்டியைத் தொடவில்லை. முதலில் கேள்விகள். எப்ப வாங்கினது? பக்கத்துல ஃபிரிட்ஜ் இருக்கா? மத்தியானம் கூடுதலா அணையுதா? கடைசியில், "காலையில எத்தனை தடவை அமுக்குனா எந்திரிக்கி?" அக்கா யோசித்துவிட்டு, "அஞ்சாறு தடவை அமுக்கணும் அண்ணாச்சி. ஒரு தடவை சூடாயிட்டா அப்புறம் சீக்கிரம் வந்துரும்" என்றார். அதைக் கேட்டதுமே அவர் பக்கவாட்டுத் தகடைக் கழற்றி, டார்ச்சை பிராசஸரின் ஓரமாக அடித்துக் காட்டினார். வரிசையாக நிற்கும் ஏழு கெப்பாசிட்டரில் நான்கின் தலை, பூரி போல உப்பியிருந்தது. ஒன்றின் உச்சியில், தகரத்தில் கீறி வைத்திருக்கும் கோடு வெடித்து, காய்ந்த பழுப்புக் கசிவு.

உலகம் முழுவதும் பரவிய நோய் அது. ஏறக்குறைய 1999 முதல் 2007 வரை வெளிவந்த மதர்போர்டுகளில் ஏராளமானவற்றில், கெப்பாசிட்டருக்குள் ஊற்றிய திரவம் கலவை சரியில்லாதது. உள்ளே வாயு உண்டாகி, தலை உப்பி, வெடித்தது. பிராசஸருக்குப் போகும் மின்சாரத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்ய வேண்டிய உறுப்பு அது. அது காய்ந்து போனால், வோல்டேஜ் நடுங்கும், பெட்டி அணையும். குளிர்ந்திருக்கும்போது இன்னும் மோசம். அதனால்தான் அந்தக் காலை நேரக் கேள்வி.

அடுத்த நாள் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுக் கடை ஒன்றுக்குப் போன் போட்டோம், இரவு ஆம்னி பஸ் பார்சலில் கெப்பாசிட்டர்கள் வந்தன: 1500 மைக்ரோஃபாரட், 6.3 வோல்ட், ஒன்று சில ரூபாய். மதர்போர்டு பல அடுக்குச் செம்பைக் கொண்டது, அயர்னின் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். பழைய கெப்பாசிட்டரை ஒரு காலாக ஆட்டி ஆட்டி உருவ வேண்டும், துளையில் அடைத்த ஈயத்தைத் தையல் ஊசியால் திறக்க வேண்டும், மைனஸ் பட்டையைச் சரியான பக்கம் பார்த்து இறக்க வேண்டும். நான்கு கெப்பாசிட்டருக்கு இரண்டு மணி நேரம். முடித்ததும் பெட்டியைப் போட்டுவிட்டு, அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தார். அது அவர் வழக்கம். சரி செய்த பெட்டி ஓடுவதைப் பார்க்காமல் எந்த வீட்டிலிருந்தும் எழுந்ததில்லை. அக்கா காப்பி கொண்டுவந்தார். வாங்கிய கூலி 250 ரூபாய், கெப்பாசிட்டர் விலையும் அதற்குள்.

அந்த நோய் இன்று மதர்போர்டில் அநேகமாக இல்லை. திரவம் இல்லாத திட கெப்பாசிட்டர்கள் வந்துவிட்டன, தலை உப்புவதைப் பார்த்தே பல காலம் ஆகிறது. பழைய பெட்டிதான் உறுதி என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. எத்தனை உறுதியற்றவை அவை என்பதை நான் கையால் தொட்டிருக்கிறேன்.

சூடும் அப்படித்தான். 2000ஆம் ஆண்டின் 1 கிகாஹெர்ட்ஸ் பெண்டியம் 3, 30 வாட்டுக்குள் அடங்கியது. 2004இல் வந்த பெண்டியம் 4 வகைகளில் சில 115 வாட் வரை போயின. நெல்லை வெயிலில், தூசி அப்பிய ஹீட் சிங்க்கின் கீழ், தெர்மல் பேஸ்ட் சுண்ணாம்பாகக் காய்ந்து கிடக்கும் பெட்டிகள் பத்து நிமிடத்தில் அணையும். அதே காலத்தில் வந்த எல்ஜிஏ 775 சாக்கெட்டில் ஹீட் சிங்க்கைப் பிடிப்பதற்கு நான்கு பிளாஸ்டிக் முளைகள். மூலைக்கு ஒன்றாக, கட்டைவிரலால் அமுக்கினால் கிளிக் என்று விழ வேண்டும். மூன்று விழுந்து ஒன்று விழாமல் போனால் ஹீட் சிங்க் ஒரு மயிரிழை தூக்கிக்கொண்டு நிற்கும், பெட்டி சில விநாடிகளில் அணையும். கண்ணுக்கு எல்லாம் சரியாகத் தெரியும். விரலால் நான்கு மூலையையும் ஆட்டிப் பார்ப்பவனுக்குத்தான் பிடிபடும். ஏத்லான் பிராசஸரின் ஹீட் சிங்க்கை ஓடும்போதே கழற்றி 2001இல் செய்த ஒரு சோதனை அன்று உலகெங்கும் பேசப்பட்டது. சில விநாடிகளில் அது கருகிப் புகைந்தது. அதே சோதனையில் பெண்டியம் 4 வேகத்தைக் குறைத்துக்கொண்டு பிழைத்தது. இன்று எந்த பிராசஸரும் அப்படிக் கருகுவதில்லை. 100 டிகிரியை நெருங்கினால் வேகத்தைக் குறைக்கும், அதற்கும் அடங்காவிட்டால் அணைந்துகொள்ளும். 250 வாட்டைத் தொடும் பிராசஸர்கள்கூட இப்படித்தான் உயிர் காக்கின்றன. மேசை முன் இருப்பவருக்கு அது தொல்லை, பிராசஸருக்கு அது பிழைப்பு.

எல்லா அணைதலும் இரும்பிலிருந்து வந்ததில்லை. 2003 ஆகஸ்டில் ஊரெங்கும் எக்ஸ்பி பெட்டிகள், 60 விநாடியில் அணையப்போகிறேன் என்று ஒரு சிறு பெட்டியைக் காட்டிக் கடிகாரம் ஓடவிட்டு, சொன்னபடியே மூடித் திறந்துகொண்டன. பிளாஸ்டர் என்ற புழு. டயல்-அப் கம்பியைச் செருகிய சில நிமிடங்களில் வந்து ஒட்டிக்கொள்ளும். முதல் இரண்டு நாள் எங்களுக்குப் புரியவில்லை, இரண்டு பெட்டிக்கு எஸ்எம்பிஎஸ் மாற்றினோம். மூன்றாம் நாள், ரன் கட்டத்தில் ஷட்டவுன் என்று அடித்து, ஒரு சிறு கோடும் ஏயும் சேர்த்தால் கடிகாரம் நிற்கும் என்று தெரிந்தது. போனிலேயே எழுத்தெழுத்தாகச் சொல்லிக் கொடுத்தேன். வீட்டுக்குப் போகாமல் ஒரு கணினியை நான் நிற்க வைத்தது அதுவே முதல் முறை. மாற்றிய இரண்டு எஸ்எம்பிஎஸ்ஸுக்கும் அண்ணாச்சி காசைத் திருப்பிக் கொடுத்தார்.

பெட்டிக்கு வெளியே, கரண்ட். அன்று எஸ்எம்பிஎஸ்ஸின் முதுகில் சிவப்பாக ஒரு சிறு சுவிட்ச் இருக்கும், 115, 230 என்று. பிள்ளைகள் விளையாட்டாக அதை 115க்குத் தள்ளிவிட்டால், அடுத்த முறை போடும்போது வெடிச்சத்தம் கேட்கும். இன்றைய நல்ல எஸ்எம்பிஎஸ் 100 முதல் 240 வோல்ட் வரை எதையும் ஏற்கும், அந்தச் சிவப்புச் சுவிட்சை இளைஞர்கள் பார்த்ததே இல்லை. 2012இல் தமிழ்நாடு முழுதும் மின்வெட்டு, சென்னைக்கு வெளியே ஒரு நாளில் பாதியளவு கரண்ட் இல்லாத நாட்கள். அப்போது பெட்டிகளைக் கெடுத்தது கரண்ட் போனதைவிட அது திரும்பி வந்த விதம்தான். யூபிஎஸ்ஸின் 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பேட்டரி இரண்டு மூன்று வருடத்தில் தளர்ந்துவிடும். அப்புறம் விளக்கு மினுக்கினாலே கணினி அணையும். இன்று புது வகைச் சிக்கல் ஒன்று உண்டு. மலிவு யூபிஎஸ் பேட்டரிக்கு மாறும்போது கொடுக்கும் அலை, நெளிந்து வளைவதற்குப் பதில் படிக்கட்டு போலச் சதுரமாக இருக்கும். பழைய எஸ்எம்பிஎஸ் அதைச் சகித்துக்கொண்டது, திறன் காரணித் திருத்தம் கொண்ட புதிய எஸ்எம்பிஎஸ் சில வேளை ஏற்காமல் அணைந்துவிடும். நல்ல எஸ்எம்பிஎஸ் வாங்கிய பிறகு தொல்லை தொடங்கியது என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை.

இனி போன வைகாசி. நான் போவதற்கு முன்பே அக்காவின் மகன் பாதி வேலையை முடித்திருந்தான். யூபிஎஸ்ஸை விலக்கிச் சுவரில் நேராகச் செருகிப் பார்த்திருந்தான். பிராசஸர் சூடு 71 டிகிரி, கிராபிக்ஸ் கார்டு 66. இரண்டையும் வரைபடமாகவே காட்டினான். "ஈவென்ட் வியூவர்ல 41ன்னு வருது மாமா, வேற ஒண்ணும் இல்ல" என்றான். அந்த 41, கணினி முறைப்படி மூடாமல் நின்றுபோனது என்று மட்டும் சொல்லும் பதிவு. ஏன் என்று சொல்லாது. மூச்சு நின்ற நேரத்தைக் குறித்து வைத்தது போல. இருந்தாலும், அண்ணாச்சி கேள்வி கேட்டுக் கேட்டு வாங்கிய விவரம் முழுவதும், தேதி, மணி, விநாடியோடு அங்கே வரிசையாக இருந்தது. பதினொரு முறை. பதினொன்றும் வீடியோ ரெண்டர் ஓடும்போது.

அன்று மதர்போர்டு பீப் ஒலியால் பேசும். அவார்டு பயோஸில் ஒரு நீள ஒலியும் இரண்டு குறு ஒலியும் வந்தால் டிஸ்ப்ளே கார்டு. அடுத்த அறையில் இருந்தாலும் காதில் விழும். இன்று பல பெட்டிகளில் அந்த ஸ்பீக்கரே இல்லை, ஓரத்தில் நான்கு குட்டி விளக்குகள்: பிராசஸர், ராம், கிராபிக்ஸ், பூட். எது எரிந்து நிற்கிறதோ அங்கே கோளாறு. டிடிஆர்5 ராம் போட்ட பெட்டியில் முதல்முறை அந்த ராம் விளக்கு எரிய, சில நிமிடம் திரை இருட்டாகவே இருக்கும். மதர்போர்டு தானே ஒன்றிரண்டு முறை அணைந்து எழவும் கூடும். ராமின் வேகத்தைப் பழகிக்கொள்கிறது, நோய் இல்லை. அந்த நேரத்தில் பதறிப் பிடுங்குபவர்கள்தான் அதிகம். பார்த்துக்கொண்டு பேசாமல் இருப்பதும் இன்று தொழிலின் ஒரு பகுதியாகிவிட்டது.

அக்கா வீட்டுப் பெட்டியில் எந்த விளக்கும் குறை சொல்லவில்லை. கிராபிக்ஸ் கார்டு 320 வாட். அதன் அட்டைப்பெட்டியில், எஸ்எம்பிஎஸ் 750 வாட் இருக்க வேண்டும் என்று அச்சிட்டிருந்தது. மாட்டியிருந்தது 650, ஆறு வருடம் பழையது. கூட்டிப் பார்த்தால் 650 போதும். கார்டு 320, பிராசஸர் 125, மற்றவை 50. ஆனால் இன்றைய கார்டுகள் சீராக இழுப்பதில்லை. கண் இமைப்பதில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்துக்குத் தன் அளவைப்போல் இரு மடங்கு இழுத்துவிட்டு அடங்கும். எஸ்எம்பிஎஸ்ஸின் பாதுகாப்புச் சுற்று அதைக் கோளாறு என்று எடுத்துக்கொண்டு அணைக்கும். 2022இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0, இப்படிப்பட்ட இரு மடங்கு இழுப்பை 100 மைக்ரோவிநாடி தாங்க வேண்டும் என்று எஸ்எம்பிஎஸ்ஸுக்கு விதித்ததே இதற்காகத்தான். அந்த இழுப்பை என் மல்டிமீட்டர் பார்க்காது. மீட்டர் முள்ளோ எண்ணோ அசைவதற்குள் அது வந்து போய்விடும். அண்ணாச்சியின் பைக் பல்புக்கும் அது எட்டாது.

ஆகவே வேறு வழி. மென்பொருளில் கார்டின் சக்தி வரம்பை 70 சதவீதமாக இழுத்து வைக்கச் சொன்னேன். மகன் மவுஸால் ஒரு கோலை இடப்பக்கம் நகர்த்தினான். ரெண்டர் மெதுவாக ஓடியது, ஆனால் நின்றது. 100க்கு ஏற்றினான், கால்வாசியில் இருண்டது. மீண்டும் 70, மீண்டும் நின்றது. ஸ்க்ரூடிரைவரைத் தொடாமலே நோய் பிடிபட்டது. 850 வாட் எஸ்எம்பிஎஸ் போனிலேயே ஆர்டர் ஆனது, பத்தாயிரம் ரூபாய்க்குக் கொஞ்சம் கீழே, மூன்றாம் நாள் கூரியரில் வந்தது. பத்து வருட வாரண்டி. பிரித்தால் செல்லாது என்று திருகின் மேல் ஒட்டியிருந்தது. கேபிள்கள் எல்லாம் தனித்தனியாகச் செருகக்கூடியவை. மாட்டியவன் அவன்தான். பழைய கேபிளைப் புதிய எஸ்எம்பிஎஸ்ஸில் செருகிவிடாதே, முனை பொருந்தினாலும் உள்வரிசை வேறாக இருக்கும், பலகை போய்விடும் என்று மட்டும் சொன்னேன். அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் நான் அங்கே தேவைப்பட்டேன்.

பழைய 650ஐ என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. அது கெடவில்லை, சின்னப் பெட்டிக்கு இன்னும் நான்கு வருடம் உழைக்கும். அன்றாக இருந்தால் கடைப் பலகையில் செகண்ட்ஸ் வரிசையில் போய் அமர்ந்திருக்கும், யாராவது ஒரு மாணவன் முந்நூறு ரூபாய்க்கு வாங்கிப் போயிருப்பான். அண்ணாச்சி 2016இல் கடையை மூடினார், இப்போது அங்கே செல்போன் கவர் விற்கிறார்கள். அயர்ன் பிடிக்கும் கைகள் ஊரில் இல்லாமல் போய்விடவில்லை. சிப் லெவல் சர்வீஸ் என்று பலகை வைத்து, நுண்ணோக்கியின் கீழ் செல்போனுக்கும் லேப்டாப்புக்கும் வேலை செய்கிறார்கள், அண்ணாச்சியைவிட நுட்பமாகவே. மேசைக் கணினியைத் தேடி வீட்டுக்கு வருபவர்தான் இல்லை. 2004இல் ஒரு பெட்டியை நிற்க வைக்க மூன்று நாளும் 250 ரூபாயும் ஆயின. இன்றும் மூன்று நாள்தான், ரூபாய் பத்தாயிரம். அன்று போன பெயர் வரிசைகள் போனவைதான். இன்று பதினொரு முறை அணைந்தும் மகனின் வேலையில் ஐந்து நிமிடத்துக்கு மேல் எதுவும் தொலையவில்லை, மென்பொருள் தானாகச் சேமித்துக்கொண்டே இருந்தது. அக்கா மட்டும், மகனின் கணினியில் எதையாவது அடிக்க நேர்ந்தால், இன்னும் ஒவ்வொரு வரிக்கும் கன்ட்ரோல் எஸ் தட்டுகிறார்.

புது எஸ்எம்பிஎஸ் மாட்டிய இரவு, முழுக் கல்யாண வீடியோவையும் ரெண்டருக்குப் போட்டான். போய்விடலாம்தான், உட்கார்ந்துவிட்டேன். அக்கா காப்பி வைத்தார். நீலப் பட்டை கால்வாசியைத் தாண்டியபோது மூவரும் பேச்சை நிறுத்தினோம், அது போய்க்கொண்டே இருந்தது. பதினொன்றே முக்காலுக்கு முடிந்தது.

"இப்ப அணைச்சுரலாமா தம்பி?" என்று அக்கா என்னைக் கேட்டார்.

"ஸ்லீப்ல கெடக்கட்டும்மா" என்றான் மகன். அவர் கேட்கவில்லை. ஷட்டவுன் கொடுக்கச் சொல்லி, விசிறி ஓய்ந்த பிறகு, குனிந்து சுவர்ச் சுவிட்சையும் அணைத்தார். கண்ணாடித் தகட்டுக்கு உள்ளே மதர்போர்டின் ஓரத்தில் ஒரு சிறு விளக்கு அதன் பிறகும் எரிந்தது, அந்த ஊதாக் கம்பியின் மிச்சம். நான்கைந்து விநாடி மங்கி மங்கி அது அடங்கும்வரை அவர் அங்கேயே குனிந்து நின்றார்.